ரெஜிஸ்டர் இருக்கிறது, கைக்கு எட்டுகிறதா? பிராசசர் இயக்கமுறைகள் பற்றி ஒரு விளக்கம்

நினைவகத்தில் 48, 01, டி8 என்ற மூன்று பைட்டுகள் அடுத்தடுத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினாறுநிலை எண்முறையில் எழுதப்பட்டவை இவை. 64 பிட் முறையில் இயங்கும் எக்ஸ்86 பிராசசர் (இன்டெல், ஏஎம்டி செய்யும் வகை) மூன்றையும் ஒரே கட்டளையாகப் படிக்கும்: ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில், அதாவது பிராசசருக்குள்ளேயே எண்ணை வைக்கும் சிற்றிடத்தில், உள்ள எண்ணுடன் ஆர்பிஎக்ஸில் உள்ளதைக் கூட்டு. அதே பிராசசர் 32 பிட் முறையில் இருக்கும்போது அதே பைட்டுகள் இரண்டு கட்டளைகளாகிவிடும்: ஈஏஎக்ஸில் (ஆர்ஏஎக்ஸின் கீழ் 32 பிட்டுகளின் பெயர்) ஒன்றைக் குறை, பிறகு ஈபிஎக்ஸை அதனுடன் கூட்டு. ரெஜிஸ்டர்களில் 5, 7 என்று இருந்தால் முதல் முறையில் விடை 12, இரண்டாவதில் 11. எந்தப் பிழை அறிவிப்பும் வராது. நிரல் தவறான எண்ணைச் சுமந்துகொண்டு தொடர்ந்து ஓடும்.

இயக்கமுறை என்றதும் நம் பாடநூல்கள் பயனர் முறை, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முறை என்ற இரண்டைச் சொல்லி, முன்னதற்கு அனுமதி குறைவு, பின்னதற்கு அதிகம் என்று முடித்துவிடுகின்றன. அது பாதி உண்மை. ஒரு ரெஜிஸ்டர் உங்கள் நிரலுக்கு எட்டாமல் போவதற்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். அதன் பெயரைச் சொல்வதற்கான கட்டளையே அந்த முறையில் இல்லாமல் இருக்கலாம். பெயர் இருந்தும் அதன் ஒரு பகுதி மட்டுமே தெரியலாம். பெயரும் அகலமும் இருந்தும் உரிமை இல்லாமல் போகலாம். இவை மூன்றையும் ‘அனுமதி இல்லை’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதால்தான் இத்துறையில் நுழைபவர்கள் குழம்புகிறார்கள். இன்னொன்று, என் பார்வையில் இதைவிட முக்கியமானது: மறுப்பு எப்படி வருகிறது என்பது. பிராசசர் உரக்க மறுத்தால் பிழையைப் பிடித்துவிடலாம். ஓசையின்றி மறுத்தால் அதன் விலையை வேறொருவர், வேறொரு நாளில் கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் பெயர். 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086 பிராசசரில் பொதுப் பயன்பாட்டுக்கு எட்டு ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 16 பிட் அகலம். எட்டில் ஒன்றைச் சுட்டுவதற்கு மூன்று பிட்டுகள் போதும். கட்டளைகளின் வடிவமே இந்த மூன்று பிட் இடத்தைச் சுற்றி அமைந்தது. 1985இல் 386 வந்தபோது ரெஜிஸ்டர்கள் 32 பிட்டாக விரிந்தன, எண்ணிக்கை எட்டாகவே இருந்தது. ஆகவே புதிய பெயர்கள் தேவைப்படவில்லை, பழைய பெயருக்குப் புதிய அகலம் மட்டும் வேண்டியிருந்தது. இன்டெல் அதை எளிதாகத் தீர்த்தது. நிரல் எந்த செக்மென்டில் (நினைவகத்தின் ஒரு பகுதி) இருக்கிறதோ அதை விவரிக்கும் பதிவான டிஸ்கிரிப்டரில் ஒரு பிட் வைத்தது. அந்த பிட் 0 என்றால் கட்டளைகள் இயல்பாக 16 பிட்டில் இயங்கும். 1 என்றால் 32 பிட்டில். இயல்புக்கு மாறான அகலம் ஒரு கட்டளைக்கு மட்டும் வேண்டுமென்றால் அதன் முன்னால் 66 என்ற முன்னொட்டு பைட்டை வைத்தால் போதும்.

இங்கிருந்துதான் பரவலான ஒரு தவறான நம்பிக்கை கிளம்புகிறது. 8086 போலவே நடந்துகொள்ளும் ரியல் மோடில் 32 பிட் ரெஜிஸ்டர்களைத் தொடவே முடியாது என்று பலர் எழுதுகிறார்கள். முடியும். 386இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் ரியல் மோடில் இருந்துகொண்டே 66 முன்னொட்டுடன் ஈஏஎக்ஸைப் படிக்கலாம், எழுதலாம், கூட்டலாம். பழைய டாஸ் நிரல்கள் இதைச் செய்தன. கணினியைத் துவக்கும் பூட் நிரல்கள் இன்றும் செய்கின்றன. ரியல் மோடின் நினைவக எல்லை பற்றிய செய்தியை ரெஜிஸ்டர் அகலத்தின் மேல் ஏற்றிச் சொல்வதால் வந்த குழப்பம் இது.

ஆனால் எந்த அகலம் இயல்பு என்பதில் அசெம்பிளரும் (கட்டளைகளை பைட்டுகளாக்கும் மென்பொருள்) பிராசசரும் வேறுபட்டால் விளைவு கடுமையாக இருக்கும். ஈஏஎக்ஸில் 1 என்ற எண்ணை வை என்ற 32 பிட் கட்டளை ஐந்து பைட்டுகள்: பி8, 01, 00, 00, 00. இதை 16 பிட் முறையில் ஓடும் பிராசசரிடம் கொடுத்தால் முதல் மூன்று பைட்டுகளோடு கட்டளை முடிந்துவிடும். ஈஏஎக்ஸின் கீழ் பாதியான ஏஎக்ஸில் 1 வந்து அமரும். மிஞ்சிய இரண்டு சுழியங்களும் வீணான இடைவெளி அல்ல. பிஎக்ஸ், எஸ்ஐ இரண்டையும் கூட்டினால் வரும் நினைவக முகவரியில் ஏஎல்லைக் (ஏஎக்ஸின் கீழ் பைட்) கூட்டு என்பது அவற்றின் பொருள். நிரலில் யாரும் எழுதாத ஒரு கட்டளை நினைவகத்தில் எங்கோ ஒரு பைட்டை மாற்றிவிட்டுப் போகிறது. சொந்தமாக இயங்குதளம் எழுதிப் பார்ப்பவர்கள் பலர் முறைமாற்றம் நடக்கும் அந்த ஓரிரு வரிகளில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பிழை தேட உதவும் டிபக்கரும் இங்கே கைகொடுக்காது. அது 32 பிட் என்று நினைத்துக்கொண்டு 16 பிட் பைட்டுகளைப் பெயர்த்துக் காட்டும். பிராசசர் பார்ப்பதும் நீங்கள் பார்ப்பதும் இரு வேறு நிரல்கள்.

32இலிருந்து 64க்குப் போன கதை இதைவிடச் சுவையானது. ஏஎம்டி நிறுவனம் தன் 64 பிட் விரிவாக்கத்தை 2003 ஏப்ரலில் ஆப்டெரான் பிராசசராக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்முறை அகலம் மட்டும் கூடவில்லை. ஆர்8 முதல் ஆர்15 வரை எட்டுப் புதிய ரெஜிஸ்டர்களும் சேர்ந்தன. மூன்று பிட் இடத்தில் பதினாறு பெயர்களை எப்படிச் சொல்வது? நான்காவது பிட்டுக்கு இடம் வேண்டும். கட்டளை அட்டவணையில் காலி இடம் ஏறத்தாழ இல்லை. ஏஎம்டி பொறியாளர்கள் 40 முதல் 4எஃப் வரையிலான பதினாறு பைட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அவை 8086 காலத்திலிருந்து ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் குறை என்ற ஒற்றை பைட் கட்டளைகள். எட்டு ரெஜிஸ்டர்களுக்கு இரண்டிரண்டாகப் பதினாறு. அதே வேலையைச் செய்ய இரண்டு பைட் வடிவம் ஏற்கெனவே இருந்ததால் ஒற்றை பைட் வடிவத்தை 64 பிட் முறையில் மட்டும் விட்டுக்கொடுக்க முடிந்தது. அந்தப் பதினாறு பைட்டுகளும் ரெக்ஸ் என்ற முன்னொட்டாயின. அதன் கீழ் நான்கு பிட்டுகளில் ஒன்று அகலத்தை 64 ஆக்கும். மற்ற மூன்றும் ரெஜிஸ்டர் எண்களுக்கு நான்காவது பிட்டைத் தரும். தொடக்கத்தில் சொன்ன 48 என்பது அந்த அகல பிட் மட்டும் போட்ட ரெக்ஸ் முன்னொட்டு. 32 பிட் முறையில் அதே 48, ஈஏஎக்ஸில் ஒன்றைக் குறைக்கும் பழைய கட்டளை.

ஆக, 32 பிட் நிரலுக்கு ஆர்8 எட்டாமல் இருப்பதற்கு யாரும் போட்ட தடை காரணமில்லை. அதைச் சொல்ல வேண்டிய பைட்டுக்கு அந்த முறையில் வேறு பொருள் இருக்கிறது. தடை இருந்தால் அத்துமீறலை வன்பொருள் கண்டுபிடித்து அறிவிக்கலாம். பெயரே இல்லாதபோது அத்துமீறல் என்ற ஒன்றே நிகழ முடியாது. அறிவிக்கவும் எதுவும் இல்லை.

புதிய பெயர்கள் சில பழைய பெயர்களை விழுங்கின. ஏஎக்ஸின் மேல் பாதியை ஏஎச் என்று தனியே தொடுவது 8086இன் பழக்கம். ரெக்ஸ் முன்னொட்டு வந்த கட்டளையில் ஏஎச், பிஎச், சிஎச், டிஎச் நான்கும் மறைந்துவிடும். அந்த எண்கள், ஸ்டாக் என்ற தற்காலிக அடுக்கின் இடத்தைக் காட்டும் ஸ்டாக் பாயின்டர் முதலான வேறு நான்கு ரெஜிஸ்டர்களின் கீழ் பைட்டைக் குறிக்கத் தொடங்கிவிடும். எனவே ஒரே கட்டளையில் ஏஎச், ஆர்8 இரண்டையும் சேர்த்துச் சொல்ல வழியே கிடையாது. கம்பைலர் எழுதுபவர்களுக்கு இது நிரந்தரத் தொல்லை.

அகலத்திலும் ஒரு விதி மாறியது. 64 பிட் முறையில் ஈஏஎக்ஸில் எழுதினால் ஆர்ஏஎக்ஸின் மேல் 32 பிட்டுகள் தாமாகவே சுழியமாகும். ஏஎக்ஸிலோ ஏஎல்லிலோ எழுதினால் மேலே இருப்பது அப்படியே இருக்கும். முரண்பாடாகத் தோன்றினாலும் காரணம் நியாயமானது. பழைய மேல் பாதியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு 32 பிட் கட்டளையும் அந்த ரெஜிஸ்டரின் முந்தைய மதிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் பிராசசரில் அது வேகத்தைத் தின்றுவிடும். 32 பிட் கணக்குகளே பெரும்பான்மை என்பதால் அங்கே சுழியமாக்கிவிட்டார்கள். 8, 16 பிட்டுகளில் பழைய நடத்தையை விட்டுவைத்தார்கள்.

இப்போது கடினமான கேள்வி. 64 பிட் இயங்குதளத்தில் ஒரு 32 பிட் நிரல் ஓடுகிறது. அதற்கு ஆர்8 முதல் ஆர்15 வரை பெயரளவில் இல்லை. ஆனால் சில்லுக்குள் அந்த ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கும்? இன்டெல் கையேடு தெளிவாகச் சொல்கிறது: 64 பிட் முறையிலிருந்து, 32 பிட் நிரல்களை ஓட்டும் இணக்க முறைக்குப் போய்த் திரும்பி வந்தால் அந்த எட்டும் தம் மதிப்புகளைக் காத்து வைத்திருக்கும். பழைய ரியல் மோட் வரை இறங்கிப் போய்த் திரும்பினால்தான் உத்தரவாதம் இல்லை. அதாவது 32 பிட் நிரல் ஓடும் நேரம் முழுவதும், அதற்கு முன் ஓடியவர்கள் விட்டுச் சென்றது அந்த ரெஜிஸ்டர்களில் தங்கியிருக்கலாம்.

நிரலுக்குப் பெயர் தெரியாதே, பிறகென்ன ஆபத்து என்று நினைக்கலாம். முறையைத் தீர்மானிப்பது சிஎஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டரில் ஏற்றப்பட்ட டிஸ்கிரிப்டர். லினக்ஸிலும் விண்டோஸிலும் 32 பிட் பயனர் நிரலின் சிஎஸ் மதிப்பு, பதினாறுநிலை எண்முறையில், 23. 64 பிட் பயனர் நிரலுக்கு 33. இரண்டும் பயனர் உரிமை நிலையிலேயே உள்ளவை. எனவே 32 பிட் நிரல் ஒன்று 33ஐக் குறிப்பிட்டு, சிஎஸையும் மாற்றும் ஒரு தொலைத் தாவல் கட்டளையைச் செய்தால், கெர்னலிடம் கேட்காமலேயே 64 பிட் முறைக்குப் போய்விடும். அடுத்த பைட்டிலிருந்து ரெக்ஸ் முன்னொட்டு வேலை செய்யும். ஆர்8க்குப் பெயர் வந்துவிடும். விண்டோஸில் வைரஸ் எழுதுபவர்களிடையே இந்தத் தாவல் ‘சொர்க்க வாசல்’ என்று பொருள்படும் பெயரில் புழங்கியது. 32 பிட் அழைப்புகளை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த பாதுகாப்பு மென்பொருள்களுக்குத் தெரியாமல் அவர்கள் 64 பிட் அழைப்புகளைச் செய்தார்கள்.

லினக்ஸ் கெர்னல் இந்த இடத்தில் உண்மையாகவே இடறியது. 2.6.31.4க்கு முந்தைய பதிப்புகளில், 32 பிட் நிரலின் கெர்னல் அழைப்பு முடிந்து திரும்பும்போது 64 பிட்டுக்கு மட்டுமே உரிய சில ரெஜிஸ்டர்களைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள். 32 பிட் நிரலால்தான் பார்க்க முடியாதே என்பது அதற்குள் புதைந்திருந்த அனுமானம். தாவல் செய்து முறையை மாற்றிக்கொண்ட நிரல் அந்த மிச்ச மதிப்புகளைப் படித்துவிடலாம் என்று 2009இல் தெரியவந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஈ-2009-2910 என்ற எண்ணில் அது பதிவானது. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பாடம் சொன்ன பிழை இதுதான். பெயர் இல்லாமையைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பெயர் எந்த நொடியும் முளைக்கக்கூடியது.

பெயரே எப்போதும் முளைக்காத ரெஜிஸ்டர்களும் உண்டு. ஒவ்வொரு செக்மென்ட் ரெஜிஸ்டருக்கும் கண்ணுக்குத் தெரியும் 16 பிட் பகுதியோடு, தொடக்க முகவரி, எல்லை, பண்புகள் ஆகியவற்றை வைத்திருக்கும் மறைவான பகுதி ஒன்று இருக்கிறது. பிராசசர் உண்மையில் முகவரி கணக்கிடுவது இந்த மறைவான பகுதியைக் கொண்டுதான். 386 ரியல் மோடில் உயிர்பெறும்போதே இது வெளிப்படுகிறது. ரியல் மோட் விதிப்படி அதனால் முதல் ஒரு மெகாபைட்டைத்தான் எட்ட முடியும். ஆனால் முதல் கட்டளையை அது எடுப்பதோ நான்கு ஜிகாபைட்டின் உச்சியிலிருந்து பதினாறு பைட் கீழே. சிஎஸின் மறைவான பகுதியில் தொடக்கத்திலேயே உயரமான முகவரி வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். சிஎஸில் புதிதாக எதையேனும் ஏற்றும் முதல் தாவல் வரை அந்த நிலை நீடிக்கும்.

இதையே நிரலாளர்கள் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். டிஸ்கிரிப்டர்களும் உரிமை நிலைகளும் செயல்படும் புரொடெக்டட் மோடுக்குப் போய், நான்கு ஜிகாபைட் எல்லை கொண்ட டிஸ்கிரிப்டரை டிஎஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டு, ரியல் மோடுக்குத் திரும்பினால் மறைவான எல்லை அப்படியே தங்கிவிடும். ரியல் மோடில் ஒரு செக்மென்டை ஏற்றும்போது தொடக்க முகவரி மட்டுமே மாறும்; எல்லை மாறாது. கணினியின் அடிப்படை நிரலான பயாஸின் வசதிகளும் கிடைக்கும், முழு நினைவகமும் கிடைக்கும். ‘அன்ரியல் மோட்’ என்று பெயர் பெற்ற இந்த நிலைக்குப் பிராசசரில் தனி பிட் எதுவும் கிடையாது. இயக்கமுறை என்பது ஒரு பொத்தான் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. பல ரெஜிஸ்டர்களில் சிதறிக் கிடக்கும் நிலைகளின் கூட்டுத்தொகைக்கு நாம் வைத்த பெயர்தான் முறை. 286இல் இந்த மறைவான பகுதிகளை நேரடியாக நிரப்ப இன்டெல் வெளியே சொல்லாத ஒரு கட்டளை இருந்தது: 0எஃப், 05. இன்றைய 64 பிட் முறையில் அதே இரண்டு பைட்டுகள்தான் கெர்னல் அழைப்புகளைச் செய்யும் சிஸ்கால் கட்டளை.

அந்த 286 (1982) பற்றி இன்னொன்று. புரொடெக்டட் மோடுக்குள் நுழைய அதில் வழி இருந்தது. திரும்பி வரச் சாதாரண வழி இல்லை. பிராசசரையே மீண்டும் துவக்க வேண்டும். ஐபிஎம் தன் ஏடி கணினியில் அதற்கு விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லைப் பயன்படுத்தியது. துவங்கிய பயாஸ், கணினியை அணைத்தாலும் அழியாத சிமாஸ் நினைவகத்தில் முன்பே எழுதி வைத்த ஒரு பைட்டைப் பார்த்து, இது உண்மையான துவக்கமா, முறைமாற்றத்துக்கான துவக்கமா என்று தெரிந்துகொண்டது.

உரிமைக்கு வருவோம். சிஆர்0 என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில்தான் புரொடெக்டட் மோடை இயக்கும் பிட் இருக்கிறது. மிக உயர்ந்த உரிமை நிலையான 0இல் ஓடும் நிரலே அதைத் தொடலாம். ரியல் மோடில் எல்லா நிரலுக்கும் அந்த உரிமை உண்டு. பயனர் நிலையில் தொட்டால் பிராசசர் பொதுப் பாதுகாப்பு எக்செப்ஷனை எழுப்பும்; அதாவது நிரலை நிறுத்திக் கெர்னலிடம் ஒப்படைக்கும். இது உரத்த மறுப்பு. ஆனால் 286இலிருந்து வந்த எஸ்எம்எஸ்டபிள்யூ என்ற பழைய கட்டளை அதே சிஆர்0இன் கீழ் 16 பிட்டுகளைப் பயனர் நிலைக்கும் படித்துக் காட்டும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த வடிவமைப்பு இது. புரொடெக்டட் மோடுக்குள்ளேயே ரியல் மோடைப் போலச் செய்துகாட்டும் விர்ச்சுவல் 8086 முறையில் ஓடும் டாஸ் நிரல், தான் உண்மையான ரியல் மோடில் இருப்பதாக நம்ப வேண்டும். ஆனால் இக்கட்டளையைச் செய்தால் புரொடெக்டட் மோட் பிட் 1 என்று தெரிந்து உண்மை வெளிப்பட்டுவிடும்.

பாப்எஃப் கட்டளை இதைவிட மோசம். ஸ்டாக்கிலிருந்து ஒரு மதிப்பை எடுத்துக் கொடிகள் ரெஜிஸ்டரில் வைப்பது அதன் வேலை. இன்டரப்டுகளை, அதாவது வெளிக் கருவிகளின் குறுக்கீடுகளை, அனுமதிக்கும் கொடியும் அங்கேதான் இருக்கிறது. உரிமை இல்லாத நிரல் அந்தக் கொடியை மாற்ற முயன்றால் பிராசசர் எக்செப்ஷன் எழுப்பாது. மற்ற கொடிகளை மாற்றிவிட்டு அந்த ஒன்றை மட்டும் பேசாமல் விட்டுவிடும். சாதாரண நிரலுக்கு இது பொருட்டல்ல. ஒரு முழு இயங்குதளத்தை உரிமை குறைத்து இன்னொரு இயங்குதளத்தின் மேல் ஓட்ட நினைத்தவர்களுக்கு இது பெரும் சுவர். உள்ளே இருக்கும் கெர்னல் இன்டரப்டை நிறுத்திவிட்டதாக நம்புகிறது, நிறுத்தப்படவில்லை, மேலே இருக்கும் மென்பொருளுக்கோ அப்படி ஒரு முயற்சி நடந்ததே தெரியாது.

கணினி ஆய்வாளர்கள் பொபெக், கோல்டுபெர்க் இருவரும் 1974இலேயே இதற்கான விதியை வகுத்திருந்தார்கள்: இயந்திரத்தின் நிலையைத் தொடும் கட்டளைகள் அனைத்தும் உரிமை இல்லாதபோது பொறியில் சிக்க வேண்டும், அதாவது எக்செப்ஷன் எழுப்ப வேண்டும். 2000இல் ராபின், இர்வின் இருவரும் பென்டியம் பிராசசரை அந்த விதியால் அளந்து, பதினேழு கட்டளைகள் தவறுவதைக் காட்டினார்கள். ஒரு கணினிக்குள் இன்னொரு இயங்குதளத்தை ஓட்டும் மென்பொருளான விஎம்வேர் 1999இல் இந்தச் சுவரைத் தாண்டியது கட்டளைகளை ஓடும்போதே பெயர்த்து எழுதித்தான். அதே நோக்கம் கொண்ட ஜென் (Xen) திட்டம் உள்ளே ஓடும் கெர்னலையே திருத்தச் சொன்னது. வன்பொருள் உதவி 2005இல் இன்டெலிடமிருந்தும் அடுத்த ஆண்டு ஏஎம்டியிடமிருந்தும் வந்தது. எஸ்எம்எஸ்டபிள்யூ போன்ற வாசிப்புக் கட்டளைகளைப் பயனர் நிலையில் தடுக்கும் வசதி சிஆர்4இல் ஒரு பிட்டாக அதற்கும் பல ஆண்டுகள் கழித்தே சேர்ந்தது. உரக்க மறுக்க வேண்டிய இடத்தில் வாய் மூடி இருந்ததற்கு இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

ஆர்ம் பிராசசர்கள் இதே சிக்கலை வேறு திசையிலிருந்து அணுகின. கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்தில் 1985இல் பிறந்த அந்த வடிவமைப்பில், முறை மாறினால் ரெஜிஸ்டரே மாறும். பெயர் அதேதான், பின்னால் இருக்கும் பொருள் வேறு. ஆர்13 என்று பயனர் முறையில் சொன்னால் ஒரு ஸ்டாக் பாயின்டர், இன்டரப்ட் முறையில் சொன்னால் இன்னொன்று. விரைவு இன்டரப்ட் முறையில் ஆர்8 முதல் ஆர்14 வரை ஏழும் தனி. அந்த முறையில் ஓடும் சிறு நிரல் எதையும் நினைவகத்தில் சேமித்து வைக்காமல் நேரே வேலையைத் தொடங்கலாம். முந்தைய இன்டரப்டில் விட்ட இடத்தில் தன் சுட்டிகள் காத்திருக்கும். செம்மையான 32 பிட் வடிவத்தில் மொத்தம் 37 ரெஜிஸ்டர்கள்: 31 பொதுவானவை, 6 நிலை ரெஜிஸ்டர்கள். ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பொது ரெஜிஸ்டர்கள் 16.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்டரப்ட் முறையில் இருக்கும் கெர்னலுக்குப் பயனரின் ஆர்13 எப்படித் தெரியும்? பெயரைச் சொன்னால் தன்னுடையதுதான் வரும். அதனால் பல ரெஜிஸ்டர்களை ஒன்றாக நினைவகத்துக்கு எழுதும் கட்டளையில் ஒரு பிட்டை ஒதுக்கி, பயனர் தொகுப்பையே எடு என்று சொல்ல வைத்தார்கள். இங்கும் ஓசையற்ற மறுப்பு இருந்தது: பயனர் முறையில் நிலை ரெஜிஸ்டரின் முறை பிட்டுகளை மாற்ற முயன்றால் பிராசசர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

2011இல் அறிவிக்கப்பட்ட 64 பிட் ஆர்ம் இந்த மாற்று ரெஜிஸ்டர் முறையைப் பெரும்பாலும் கைவிட்டது. எக்ஸ்0 முதல் எக்ஸ்30 வரை 31 ரெஜிஸ்டர்கள் எல்லா உரிமை நிலைகளுக்கும் பொது. ஸ்டாக் பாயின்டர், திரும்பும் முகவரி, சேமித்த நிலை ஆகியவற்றுக்கு மட்டும் உரிமை நிலைக்கு ஒன்று. 31 என்ற எண்ணிக்கைக்குள் பழைய உலகம் முழுவதும் அடங்கியிருப்பதைக் கவனித்தால் வடிவமைத்தவர்கள் மேல் மதிப்பு கூடும். 32 பிட் நிரலின் ஆர்0 முதல் ஆர்14 வரை எக்ஸ்0 முதல் எக்ஸ்14இல் அமர்கின்றன. ஒவ்வொரு பழைய முறையின் தனி ஆர்13, ஆர்14 அடுத்த இடங்களில். விரைவு இன்டரப்டின் ஏழும் எக்ஸ்24 முதல் எக்ஸ்30 வரை. 64 பிட் கெர்னல் தன் கீழே ஓடும் 32 பிட் இயங்குதளத்தின் எல்லா முறைகளின் ரெஜிஸ்டர்களையும் சாதாரணப் பெயர்களிலேயே படித்துவிடலாம்.

உரக்க மறுப்பதால் கிடைக்கும் பயனுக்கும் ஆர்மிலேயே நல்ல சான்று இருக்கிறது. பிராசசரின் வசதிகளைச் சொல்லும் அடையாள ரெஜிஸ்டர்களைப் பயனர் நிரல் படிக்க முடியாது, படித்தால் எக்செப்ஷன். லினக்ஸ் அதைப் பிடித்து, நிரலைக் கொல்லாமல், தானே ஒரு விடையைக் கொடுத்துத் தொடரவிடுகிறது. ஒரே கைப்பேசியில் இருவகை கோர்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான வசதிகளை மட்டும் சொல்லும் விடை அது. நிரல் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தப்பட்டாலும் ஏமாறாது. மறுப்பு தெளிவாக வந்ததால்தான் இந்த உதவி முடிந்தது.

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த பிராசசர் கட்டமைப்பு இந்தப் பாடங்களையெல்லாம் கண்டு பிறகு வந்தது. அதன் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களுக்கு 12 பிட் எண். அந்த எண்ணிலேயே இரண்டு பிட்டுகள் குறைந்தபட்ச உரிமை நிலையைச் சொல்கின்றன; இன்னும் இரண்டு, வாசிக்க மட்டுமா எழுதவுமா என்பதைச் சொல்கின்றன. தனி அட்டவணை எதையும் பார்க்காமல் எண்ணைப் பார்த்தே வன்பொருள் முடிவெடுக்கலாம். உரிமை மீறினால் எக்செப்ஷன், எப்போதும். மிக உயர்ந்த உரிமையுள்ள இயந்திர நிலையின் எம்ஸ்டேடஸ், அதற்குக் கீழே கெர்னல் ஓடும் மேற்பார்வை நிலையின் எஸ்ஸ்டேடஸ் என்ற இரண்டும் இரு பெயர்கள் கொண்ட ஒரே பொருள். பின்னது முன்னதின் சில பிட்டுகளை மறைத்துக் காட்டும் பார்வை. சென்னை ஐஐடியில் உருவான சக்தி பிராசசர்கள் இந்தக் கட்டமைப்பைப் பின்பற்றுபவை. முறைகள் வன்பொருளில் எப்படி உருப்பெறுகின்றன என்று பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு அவற்றின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. எக்ஸ்86இல் தொடங்குவதைவிட அங்கே தொடங்குவது நல்லது என்பது என் துணிபு.

விதிகள் சரியாக இருந்தாலும் சில்லின் உட்புறம் அவற்றை மீறக்கூடும் என்று 2018 காட்டியது. மிதவைப்புள்ளி (பின்ன எண்களுக்கானவை), வெக்டர் (பல எண்களை ஒன்றாக வைப்பவை) ரெஜிஸ்டர்கள் பெரியவை. நிரல் மாறும்போதெல்லாம் அவற்றைச் சேமிப்பது செலவு. எனவே பல இயங்குதளங்கள் பழைய நிரலின் மதிப்புகளை அங்கேயே விட்டுவிட்டு, சிஆர்0இல் ஒரு பிட்டை மட்டும் இட்டு வைத்தன. புதிய நிரல் அவற்றைத் தொட்டால் எக்செப்ஷன் வரும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்ற சோம்பல் உத்தி. எக்செப்ஷன் வந்தது, ஆனால் தாமதமாக. அதற்குள் இன்டெல் பிராசசர்கள், தேவைப்படும் என்ற ஊகத்தில் முன்கூட்டியே ஓட்டிய கட்டளைகள் பழைய மதிப்பைப் படித்து, கேஷ் என்ற விரைவு நினைவகத்தில் தடயம் விட்டுவிட்டன. குறியாக்கச் சாவிகள் தங்குவது பெரும்பாலும் இந்த ரெஜிஸ்டர்களில்தான். அதே ஆண்டு, உரிமை இல்லாத நிரல் கணினி ரெஜிஸ்டர்களையே ஊகத்தில் படிக்கும் இன்னொரு கசிவும் அறிவிக்கப்பட்டது. 2023இல் ஏஎம்டியின் ஜென் 2 (Zen 2) பிராசசர்களில் கண்டறியப்பட்ட ஜென்பிளீடும் வெக்டர் ரெஜிஸ்டர்களின் மிச்சத்தைக் கசியவிட்டதுதான்.

வெக்டர் ரெஜிஸ்டர்கள் இன்னொரு நிபந்தனையையும் கொண்டுவந்தன: இயங்குதளத்தின் சம்மதம். 2011இல் வெளிவந்த சாண்டி பிரிட்ஜ் பிராசசரில் 256 பிட் ரெஜிஸ்டர்கள் இருந்தன. சர்வீஸ் பேக் 1 இல்லாத விண்டோஸ் 7இல் அவற்றைத் தொட்டால் செல்லாத கட்டளை என்று நிரல் நின்றுவிடும். காரணம், நிரல்கள் மாறும்போது அவற்றைச் சேமித்து மீட்கத் தனக்குத் தெரியும் என்று இயங்குதளம் எக்ஸ்சிஆர்0 என்ற ரெஜிஸ்டரில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காதவரை பிராசசர் அவற்றைத் திறக்காது. சேமிக்கத் தெரியாத கெர்னலின் கீழே இரண்டு நிரல்கள் ஒன்றின் எண்களை மற்றொன்று அழித்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். எனவேதான் கவனமான நிரலாளர்கள் பிராசசரில் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. இயங்குதளம் அதை இயக்கியிருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

இன்டெல் 2023 ஜூலையில் அறிவித்த ஏபிஎக்ஸ் விரிவாக்கத்தில் ஆர்16 முதல் ஆர்31 வரை மேலும் பதினாறு ரெஜிஸ்டர்கள் சேர்கின்றன. அவற்றுக்குப் பெயர் தரும் புதிய முன்னொட்டு டி5. அந்த பைட் 8086இன் தசம எண் கணக்குக்கான ஒரு கட்டளைக்கு உரியது. 64 பிட் முறையில் ஏஎம்டி அதை ஏற்கெனவே நீக்கியிருந்ததால் இப்போது காலியாகக் கிடைத்தது. 32 பிட் முறையில் பழைய பொருளே தொடர்வதால் புதிய ரெஜிஸ்டர்கள் அங்கே இல்லை. 64 பிட் முறையிலும் எக்ஸ்சிஆர்0இல் 19ஆவது பிட்டை இயங்குதளம் இட்ட பிறகே அவை திறக்கும். அதுவரை அவற்றின் பெயரைச் சொல்லும் எந்தக் கட்டளையும் எக்செப்ஷனில் முடியும்.